போர் தண்ணீர் மீன்தொட்டி: இரும்பு உரம் விட்டும் புது இலை மஞ்சளாகவே வருகிறது

கேள்வி:
வணக்கம். வேளச்சேரியில் வீடு, 100 லிட்டர் மீன்தொட்டி, போர் தண்ணீர்தான். அமேசான் ஸ்வார்ட் என்ற நீர்ச்செடியில் புதிதாக விரியும் இலை வெளிர் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. பழைய இலைகள் நன்றாக இருக்கின்றன. சொட்டு டெஸ்ட்டில் பிஎச் 8.2, கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை) 14, ஜிஎச் (மொத்தக் கடினத்தன்மை) 18, நைட்ரேட் 20. கடையில் வாங்கிய திரவ உரத்தில் இரும்பும் இருக்கிறது. அளவைக் கூட்டினால் பாசிதான் கூடுகிறது. உரக்கடையில் தழை, மணி, சாம்பல் சத்து சம அளவில் உள்ள 19:19:19 உரம் மலிவாகக் கிடைக்கிறது, போடலாமா?

பதில்:
19:19:19 வேண்டவே வேண்டாம். அதிலுள்ள தழைச்சத்தில் (நைட்ரஜனில்) பெரும்பகுதி யூரியாவும் அம்மோனியமும். பிஎச் 8-க்கு மேல் போனால் அது மீனைக் கொல்லும் அம்மோனியாவாக மாறுவது அதிகமாகும். உங்களுக்கு நைட்ரேட் 20 இருக்கிறது, தழைச்சத்துக் குறையே இல்லை. இருந்திருந்தால் பழைய இலைதான் முதலில் மஞ்சளாகியிருக்கும்.
இது இரும்புக் குறை. பாட்டிலில் இரும்பு எந்த வடிவில் என்று போட்டிருக்கிறது?

கேட்டவர்:
இடிடிஏ என்று இருக்கிறது அண்ணா.

பதில்:
அதுதான் விஷயம் தம்பி. இடிடிஏ என்பது இரும்பைத் தண்ணீரில் கரைந்த நிலையிலேயே பிடித்து வைக்கும் பொருள். சுமார் பிஎச் 6.5 வரைதான் அது நம்பகமாகப் பிடித்து வைக்கும். உங்கள் தண்ணீரில் இரும்பை விட்டுவிட்டுக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். இரும்பு துருவாகப் படிந்துவிடும், செடிக்குக் கிடைக்காது. அதே வேலையைச் செய்யும் டிடிபிஏ என்ற பொருள் பிஎச் 7.5 வரை தாங்கும். 8.2-க்கு இன்னும் உறுதியாகப் பிடிக்கும் இடிடிஎச்ஏதான் சரி. 6% இரும்புள்ள தூள் உரக்கடையிலேயே கேட்டுப் பாருங்கள். 8 கிராமை அரை லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் கரைத்து வைத்தால், அதில் 10 மில்லி உங்கள் தொட்டிக்குச் சுமார் 0.1 பிபிஎம் (லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்) இரும்பு. வாரம் ஒருமுறை போதும். தண்ணீர் லேசாகச் சிவக்கும், பயப்பட வேண்டாம்.

இன்னொருவர்:
நானாக இருந்தால் முதலில் வேரடியில் உர மாத்திரை புதைப்பேன். ஸ்வார்ட் வேர் வழியாக நிறைய எடுக்கும் செடி. மணலுக்கடியில் ஆக்சிஜன் குறைவு, அதனால் இரும்பு செடி எடுக்கும் நிலையிலேயே நிற்கும். அப்புறம், மெதுவாக ஆர்ஓ தண்ணீர் கலந்து வாருங்கள். பாதிக்குப் பாதி ஆனால் கேஎச் 7-க்கு இறங்கும். பியூரிஃபையரின் வேஸ்ட் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றிவிடாதீர்கள், அதில் உப்பு போரைவிட அதிகம்.

கேட்டவர்:
மாத்திரையும் வாங்குகிறேன், இடிடிஎச்ஏவும் தேடுகிறேன். மஞ்சள் இலைகளை வெட்டிவிடவா?

பதில்:
வேண்டாம், இருக்கட்டும். அவை ஓரளவு தேறலாம், முழுப் பச்சையாகத் திரும்புவது சிரமம். இனி நடுவிலிருந்து விரியும் இலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அதுவும் மஞ்சளாக வந்தால் உரத்தைக் கூட்டாமல் பாஸ்பேட் டெஸ்ட் எடுத்து எழுதுங்கள். பாஸ்பேட் அதிகமிருந்தாலும் இரும்பைக் கட்டிப் படிய வைத்துவிடும்.