பழைய பஸ் ஸ்டாண்ட் கடைகளை இடிக்கிறார்கள். சாவி கொடுக்கும் முன் என்ன கேட்க வேண்டும்?

பாமணிக்கரை:
திருவாரூர் மாவட்டத்தில் ஒரு நகராட்சி, ஊர்ப் பெயர் வேண்டாம். பழைய பஸ் ஸ்டாண்ட் வளாகத்தில் எங்கள் மளிகைக் கடை இருக்கிறது. அப்பா 1981ல் தொடங்கியது. வளையல் கடை, சைக்கிள் கடை, விதை உரக் கடை, டீக்கடை என்று மொத்தம் 22 கடைகள். வாசலில் பூவும் கீரையும் விற்கிற அம்மாக்கள் ஒன்பது பேர்.

கட்டடம் பழுது, அரசு நிதியில் புதிதாகக் கட்டப்போகிறோம், காலி செய்யுங்கள் என்று நோட்டீஸ் வந்துவிட்டது. பழுது என்பது உண்மைதான். மழைக்காலத்தில் என் கடையிலேயே காரை பெயர்ந்து விழுகிறது. இடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் புதிய வரைபடத்தில் தரைத்தளம் முழுக்க ஒரே ஹால். வெளியூர் சூப்பர் மார்க்கெட் ஒன்று அதை எடுக்கப்போவதாகப் பேச்சு. எங்களுக்கு மாடியில் பத்துக்குப் பத்து அறைகள், அதுவும் ஏலத்தில். அரிசி மூட்டையை மாடிக்கு ஏற்றி யாருக்கு விற்பது?

பைபாஸில் ஏற்கெனவே ஒரு பெரிய கடை வந்தாயிற்று. அவர்கள் எண்ணெய் விற்கிற விலை, ஏஜென்சி எனக்குப் போடுகிற பில்லைவிட லிட்டருக்கு நாலு ரூபாய் குறைவு. சரி, அவர்கள் பணம், அவர்கள் இடம். அதோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். இதுவோ மக்கள் வரிப்பணத்தில் எழும் கட்டடம்.

என்னிடம் 110 குடும்பங்களுக்குக் கணக்கு நோட்டு இருக்கிறது. மேட்டூர் திறந்து குறுவை நட்டால் அறுவடை வரை கடன் ஓடும். கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, வங்கியில் பணம் ஏறியதும் வந்து கட்டுவார்கள். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அரிசி, மெழுகுவத்தி எல்லாம் நோட்டில் எழுதித்தான் கொடுத்தேன். சிலர் கட்ட ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. நானும் கேட்கவில்லை.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெண்ணாறு:
ஐயா, நகராட்சி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். வாய்ப்பேச்சை நம்பிச் சாவியைக் கொடுக்காதீர்கள். முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். திட்ட அறிக்கை, தரைத்தள வரைபடம், மன்றத் தீர்மானம் மூன்றின் நகலும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பழைய வாடகைதாரருக்கே புதிய கட்டடத்தில் முதல் உரிமை என்று தீர்மானத்தில் ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் 22 பேரும் சேர்ந்து அந்த வரியைக் கேளுங்கள். தனித்தனியாகப் போனால் ஆளுக்கொரு சமாதானம் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

வாசலில் இருக்கும் அம்மாக்களை விட்டுவிடாதீர்கள். 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்று கொடுக்கும் வரை அவர்களை அகற்றக் கூடாது. அதன்பிறகு இடம் மாற்றுவதென்றாலும் 30 நாள் நோட்டீஸ் வேண்டும். அவர்களுக்காகச் சட்டம் இருப்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது.

தஞ்சாவூரில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் காமராஜர் மார்க்கெட்டை இடித்துக் கட்டினார்கள். ஒரு நாள் போய் அங்குள்ள வியாபாரிகளிடம் பேசிப் பாருங்கள். கட்டி முடிக்கும் வரை எங்கே கடை போடுவது என்பதுதான் பெரிய கேள்வி.

நீடாமங்கலத்தான்:
நான் இப்போது கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். இங்கே விற்பனை வரியில் 1 சதவீதம், விற்பனை நடக்கிற ஊருக்கே போகும். அதனால் பெரிய கடையைத் தன் எல்லைக்குள் இழுக்க ஊருக்கு ஊர் போட்டி. சாலை போட்டுத் தருவார்கள், வரியில் ஒரு பங்கைத் திருப்பித் தருவார்கள். வால்மார்ட்டுக்கு மட்டும் அமெரிக்கா முழுவதும் இப்படிக் கிடைத்த சலுகை 100 கோடி டாலருக்கு மேல் என்று 2004ல் குட் ஜாப்ஸ் ஃபர்ஸ்ட் என்ற அமைப்பு கணக்குக் காட்டியது. பல இடங்களில் பக்கத்து ஊர் வியாபாரம் இந்த ஊருக்கு நகர்ந்ததுதான் மிச்சம்.

நம் ஊரில் ஜிஎஸ்டி நேராக நகராட்சிக்கு வராது. வருவது சொத்துவரியும் கடை வாடகையும். எனவே அந்த ஹாலுக்கு என்ன வாடகை, 22 கடைகள் சேர்ந்து என்ன தரும் என்று எழுத்தில் கேளுங்கள். இங்கே அமெரிக்காவில் 1970 முதல் ஒரு சட்டம் உண்டு. மத்திய அரசுப் பணத்தில் நடக்கும் வேலைக்காகக் கடையைக் காலி செய்தால், வாடகைக்கு இருந்தவருக்கும் இடமாற்றச் செலவைக் கொடுத்தாக வேண்டும். அதையும் உங்கள் மனுவில் கேட்கலாம்.

குடமுருட்டி:
அண்ணா, நான் பெரிய கடைக்குத்தான் போகிறேன். விலை எழுதி இருக்கிறது, நானே எடுத்துப் பார்க்கலாம், பில் வருகிறது. அங்கே எங்கள் தெருப் பெண்கள் நாலு பேர் வேலை பார்க்கிறார்கள். அதையும் யோசியுங்கள்.

பாமணிக்கரை:
தங்கச்சி, நீங்கள் சொல்வது நியாயம். கல்லாவுக்கு முன்னால் நின்று "அதைக் குடுங்க, இதைக் குடுங்க" என்று கேட்டு வாங்க இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. புதிய இடம் கிடைத்தால் நானும் திறந்த அலமாரி போட்டு, விலை ஒட்டி, பில் போடுவேன். அந்தப் பெண்களின் வேலையும் போக வேண்டாம். புதிய கட்டடத்தின் மாடியை அந்த வெளியூர் சூப்பர் மார்க்கெட்டுக்குக் கொடுக்கட்டும். அவர்களால் லிஃப்ட் வைக்க முடியும், எங்களால் முடியாது.

தகவல் உரிமை மனுவை இன்று தபாலில் அனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு. இதுவரை 17 கையெழுத்து. பூக்கார அம்மாக்களும் வருகிறார்கள். சைக்கிள் கடைக்காரர் நேற்றே சாவியைக் கொடுத்துவிட்டாராம். சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போகிறேன்.