நான் போட்ட 16 வார்த்தை புதிருக்கு ரெண்டு விடை வருதாம், தப்பு என் மேலயா?

கட்டக்காரன்:
வணக்கம் மக்களே. 16 வார்த்தைய குடுத்து நாலு நாலா பிரிக்கச் சொல்ற புதிர் இருக்குல்ல, நியூயார்க் டைம்ஸ்காரங்க 2023ல கனெக்‌ஷன்ஸ்னு கொண்டு வந்தாங்களே, அதே மாதிரி தமிழ்ல ஒண்ணு நானே யோசிச்சு நண்பர்கள் க்ரூப்ல விட்டேன், அன்னைலேருந்து ஒரே சண்டை. நீங்களே பாருங்க:

பல்லி, வழக்கு, செய்தி, ஆமை
கைதி, தலையங்கம், உடும்பு, தீர்ப்பு
வாய்ப்பு, பாம்பு, நீதிபதி, பேட்டி
பத்தி, ஓணான், தலைப்பு, சாட்சி

என் கணக்குல ஊர்வன நாலு, கோர்ட் நாலு, பத்திரிகை நாலு. கடைசி க்ரூப் பல்லி, கைதி, வாய்ப்பு, தலைப்பு. ஒவ்வொண்ணுலயும் முன்னாடி ஒரு உறுப்பு ஒளிஞ்சிருக்கு, பல், கை, வாய், தலை. பல்லிய ஊர்வனவோட சேப்பாங்க, கைதிய கோர்ட்டுக்கு அனுப்புவாங்கன்னு தான் பொறி வச்சேன், நல்லாவே மாட்டுனாங்க. ஆனா ஒருத்தன் கைதி, செய்தி, நீதிபதி, பத்தி, நாலும் 'தி'ல முடியுதே இது ஏன் தப்புன்னு கத்துறான். இன்னொருத்தி தலையங்கத்துலயும் தலை இருக்கேங்குறா. நாலு தப்பு பண்ணா அவுட்னு நானே ரூல் போட்டு தொலைச்சேன், ரெண்டு பேரும் அவுட். யார் பக்கம் நியாயம்?

அரைத்தூக்கம்:
யோவ் விடைய கேள்விக்கு கீழயே போட்டா எப்படிய்யா, நான் பேப்பர் பேனா எடுத்துட்டு வந்து உக்காந்தேன்.

சொல்லாண்டி:
'தி' நண்பர் தோத்தது நியாயம் தான், தலையங்கம் சொன்னவங்களுக்கு நீங்க மார்க் குடுத்தே ஆகணும். ஏன்னா 'தி' நாலையும் எடுத்துட்டு மிச்ச 12ஐ பாருங்க, கோர்ட்டுக்கு வழக்கு, தீர்ப்பு, சாட்சின்னு மூணு தான் மிஞ்சும், பத்திரிகைக்கும் தலையங்கம், பேட்டி, தலைப்புன்னு மூணு தான், தலையங்கத்தையும் தலைப்பையும் பல்லி, வாய்ப்போட சேத்து உறுப்பு க்ரூப்னு வச்சாலும் பேட்டி எங்கயும் போக முடியாம நடுத்தெருவுல நிக்கும். மிச்சம் பிரியலன்னா அது விடை இல்ல, பொறி. ஆனா தலையங்கத்தையும் தலைப்பையும் இடம் மாத்திப் பாருங்க, ரெண்டு க்ரூப்பும் அப்படியே முழுசா நிக்குது! தலையங்கமும் பத்திரிகை தான், தலைப்பும் பத்திரிகை தான், ரெண்டுலயும் தலை. இதுக்கு ரெண்டு விடை இருக்கு, ரெண்டும் சரி. பிபிசியில 2008லேருந்து ஒன்லி கனெக்ட்னு ஒரு க்விஸ் வருது, அதுலயும் இதே 16 கட்டச் சுவர் உண்டு, ரெண்டரை நிமிஷம் டைம். ஒரே வார்த்தை ரெண்டு மூணு க்ரூப்புக்கு பொருந்துற மாதிரி வேணும்னே தான் வைப்பாங்க, ஆனா மொத்த 16ஐயும் பிரிக்க ஒரே வழி தான் இருக்கணும். நீங்க கோட்ட விட்டது அங்க தான். மத்தபடி கைதி பொறி சூப்பர், நானே விழுந்துருப்பேன்.

மழைக்கால_தவளை:
போடுறவங்களுக்கு இவ்ளோ சொன்னீங்க, எங்கள மாதிரி ஆளுங்களுக்கும் ஏதாவது டிப்ஸ்? எனக்கு எப்பவும் முதல் ரெண்டு க்ரூப்ல கடகடன்னு ஓடும், அப்புறம் நாலு தப்பும் காலி.

சொல்லாண்டி:
அஞ்சாவது ஆள தேடுங்க. ஊர்வன நாலு கெடச்சதும் அமுக்காதீங்க, அஞ்சாவதா பல்லி நிக்குதுல்ல, அப்ப அஞ்சுல ஒண்ணு வேற வீட்டு ஆளு. அடுத்தது எந்த வீட்டுலயும் சேராத வார்த்தை. இங்க வாய்ப்பு. அர்த்தத்த வச்சு எவ்ளோ யோசிச்சாலும் அது ஊர்வனவோடயும் ஒட்டாது கோர்ட்டோடயும் ஒட்டாது, அப்ப அர்த்தத்த விட்டுட்டு எழுத்த பாக்கணும். வாய்+ப்பு ஒருதடவ கண்ணுல பட்டுட்டா பல்+லி தானா வரும். இன்னொன்னு சொல்றேன், தலை, கை, உயிர், இந்த மூணுக்கும் பின்னாடி ஒரே வார்த்தை சேரும், என்ன?

மழைக்கால_தவளை:
உடம்பு சம்பந்தமா? வலியா? தலைவலி, கைவலி, உயிர்வலி... ம்ஹூம் உயிர்வலி இடிக்குதே

அரைத்தூக்கம்:
எழுத்து. தலையெழுத்து, கையெழுத்து, உயிரெழுத்து. தூக்கத்துலயே சொல்லிட்டேன் பாத்துக்கோங்க

சொல்லாண்டி:
அதே தான். தலையும் கையும் பக்கத்துல இருந்ததும் மனசு உடம்புக்குள்ள போய் பூட்டிக்குது பாருங்க, அந்தப் பூட்ட ஒடச்சது உயிர்.

கட்டக்காரன்:
சரி ஒத்துக்குறேன், அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்பும் கேட்டாச்சு. தலையங்கத்த தூக்கிட்டு கட்டுரை போட்டேன். 'தி' தகராறும் வேணாம்னு நீதிபதிக்கு பதிலா வக்கீல் போட்டுட்டேன், இப்ப 'தி'ல முடியறது மூணு தான். இனி எவனும் வாய தொறக்க முடியாது.

அரைத்தூக்கம்:
வக்கீல்ல கீல் இருக்கு. கீல்வாதத்துல வர்ற கீல். அதுவும் உடம்பு தான்.

கட்டக்காரன்:
ஆரம்பத்துல இருக்கணும்யா, கடைசியில இருந்தா கணக்கு இல்ல!! போய் தூங்கு.