1971 போரை இரண்டு தேர்தல்களின் தொடர்ச்சியாகப் பார்க்கலாமா?

வைகைக்கரை (வினா):
1970 டிசம்பரில் பாகிஸ்தானிலும் 1971 மார்ச்சில் இந்தியாவிலும் பொதுத்தேர்தல் நடந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் வங்கதேசப் போர் மூண்டது. இம்மூன்றும் ஒன்றையொன்று தொடர்ந்து வந்தவைதாமா, அல்லது போருக்கு வல்லரசுப் போட்டிதான் முதற்காரணமா? ஆழ்ந்து படித்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

நெடுவழி:
தொடக்கம் பாகிஸ்தான் தேர்தல்தான். கிழக்குப் பாகிஸ்தானின் (இன்றைய வங்கதேசம்) 162 பொதுத் தொகுதிகளில் 160ஐ வென்ற, முஜிபுர் ரகுமானின் அவாமி லீக், மேற்கில் ஓரிடம்கூட இல்லாமலேயே தேசிய அவையில் பெரும்பான்மை பெற்றது. பூட்டோவின் மக்கள் கட்சிக்கோ கிழக்கில் ஓரிடமும் கிடைக்கவில்லை. அவையைக் கூட்டினால் முஜிபுர் ரகுமான் பிரதமராவார் என்ற நிலையில், இராணுவ ஆட்சியாளர் யாகியா கான் மார்ச் 1 அன்று கூட்டத்தைத் தள்ளிவைத்தார். மார்ச் 25 இரவு டாக்காவில் இராணுவத்தை ஏவினார். ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தனர். மக்கள் தீர்ப்பை மறுத்ததன் விலையை அந்த ஏழைகளே கொடுத்தார்கள் என்பதை நாம் மறக்கக்கூடாது.

கீழைக்காற்று:
உடன்படுகிறேன், ஆனால் இந்தியத் தேர்தலின் பங்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1969இல் காங்கிரஸ் பிளவுபட்ட பிறகு இந்திரா காந்தியின் அரசு திமுக, இடதுசாரிகள் ஆகியோரின் ஆதரவில்தான் நிலைத்திருந்தது. மார்ச்சில் 352 இடங்களை வென்றதால், உடனே படையெடுக்க வேண்டும் என்ற குரல்கள் எழுந்தபோதும், சீனா தலையிட முடியாதபடி இமயக் கணவாய்களைப் பனி மூடும்வரை பொறுத்திருக்கும் துணிவு அவருக்கு வந்தது என்றே கருதுகிறேன். ஜூலையில் அமெரிக்க அதிபரின் ஆலோசகர் கிசிஞ்சர், சீனாவுடன் உறவை ஏற்படுத்தப் பாகிஸ்தான் வழியாக இரகசியமாகப் பீஜிங் சென்றார். இந்த நெருக்கத்துக்கு எதிர்ப்பலமாக ஆகஸ்ட் 9 அன்று இந்தியா சோவியத் ஒன்றியத்துடன் நட்புறவு ஒப்பந்தம் செய்துகொண்டது. டிசம்பரில் பாதுகாப்பு அவையின் போர்நிறுத்தத் தீர்மானங்களைச் சோவியத் ஒன்றியம் தன் மறுப்பாணையால் (வீட்டோ) தடுத்ததை இந்த ஒப்பந்தத்தோடு இணைத்தே பார்க்க வேண்டும். ஆகவே வல்லரசுப் போட்டி போரை உண்டாக்கவில்லை. அதன் போக்கை வரையறுத்தது.

பாக் நீரிணை:
அண்டை நாடுகளும் இதில் சிக்கின. ஜனவரியில் 'கங்கா' என்ற இந்திய விமானம் லாகூருக்குக் கடத்தப்பட்ட பிறகு இந்தியா தன் வான்வழியை மூடியது. மேற்கிலிருந்து கிழக்குக்குச் சென்ற பாகிஸ்தான் விமானங்கள் இந்தியாவின் தென்முனையைச் சுற்றிக் கொழும்பில் எரிபொருள் நிரப்பிச் சென்றன. இலங்கையில் ஜே.வி.பி. இளைஞர்கள் நடத்திய ஏப்ரல் கிளர்ச்சியை அடக்க இந்தியா, பாகிஸ்தான் ஆகிய இரு நாடுகளின் உதவியையும் பெற்ற பிரதமர் சிறிமாவோவின் அரசு எந்தப் பக்கமும் முழுமையாகச் சாய முடியாத நிலையில் இருந்தது. போரின் வெற்றி பின்னர் மாநில அரசியலையும் மாற்றியது: 1972 மார்ச் சட்டமன்றத் தேர்தல்களில் காங்கிரஸ் பெரும்பாலான மாநிலங்களை வென்றது. மேற்கு வங்க முடிவின்மீது மட்டும் முறைகேட்டுக் குற்றச்சாட்டு இன்றளவும் நீடிக்கிறது.