ஜப்பானின் தொல்பழங்கால ஜோமோன் மட்கலங்களை நேரில் கண்டவர்கள் உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

பானையோடு:
ஜப்பானின் நீகாதா மாகாணத்தில், தோக்காமாச்சி நகர அருங்காட்சியகத்தின் சுடர்ப் பானைகளை (விளிம்பு தீச்சுடர்போல் எழும் ஜோமோன் கலங்கள்) பார்த்து இரண்டு ஆண்டுகள் ஆகியும் அந்தக் கருமை என் கண்ணை விட்டு அகலவில்லை. சசயாமா அகழ்வில் கிடைத்து, 1999-இல் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்ட அந்தக் கலங்களின் விளிம்பைப் படங்களில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் எக்கி நின்று உள்ளே பார்த்தேன். கயிற்றுத் தடம் பதித்த அந்தப் பானையின் உட்சுவரில், அடிப்பிடித்த உணவின் கரி திட்டுத்திட்டாகப் படிந்திருந்தது. சடங்குக்கென்றே செய்தவை என நான் நம்பியிருந்த கலத்தில், சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் யாரோ சமைத்திருக்கிறார்கள்.

திரிகை:
நண்பர் ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஜோமோன் என்ற சொல்லுக்கே கயிற்றுத் தடம் என்றுதான் பொருள் என்றாலும், சுடர்ப் பானையில் அத்தடம் பெரும்பாலும் இராது. அதன் அணி முழுவதும் களிமண் வடங்களை ஒட்டியும், பிளந்த மூங்கிலால் கோடிழுத்தும் செய்தது. நான் ஒரு பயிற்சி வகுப்பில் முறுக்கிய கயிற்றை ஈரக் களிமண்மேல் உள்ளங்கையால் உருட்டிப் பார்த்தேன். கயிற்றின் புரிகள் சாய்ந்திருந்த திசைக்கு எதிர்த்திசையில் சாய்ந்த மணிமணியான வரிகள் விழுந்தன. கயிற்றை அழுத்தவில்லை, உருட்டினார்கள் என்பதை தொல்லியலாளர் யமனோஉச்சி சுகாவோ 1931-இல் கண்டறிந்தார் என்று படித்திருந்தும், என் கை உருட்டிய பிறகே அது எனக்கு விளங்கியது.

கிளிஞ்சல்:
என் அனுபவம் சிறியது. அமெரிக்க விலங்கியலாளர் எட்வர்டு மோர்ஸ் 1877-இல் ரயில் சன்னல் வழியே கண்டு தோண்டிய, ஜோமோன் மக்கள் தின்று எறிந்த கிளிஞ்சல்கள் குவிந்த டோக்கியோவின் ஓமோரி மேட்டின் நினைவுக்கல் அருகே நின்றேன். ரயில்கள் இன்றும் அதை ஒட்டியே ஓடுகின்றன.

ஆனால் திரிகை சொல்வதைப் போலக் கயிற்றை வைத்தே எல்லாவற்றையும் அளக்க வேண்டியதில்லை. அவோமோரி மாகாணத்தின் ஓதாய் யமமோத்தோ அகழ்விடத்தில் கிடைத்த, 16,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஓடுகளில் எந்த அணியும் இல்லை. இனிப் போகிறவர்கள் முழுப் பானைகளோடு நின்றுவிடாமல், உடைந்த ஓடுகள் வைத்திருக்கும் பேழைகளுக்கு நேரம் ஒதுக்குங்கள். விளக்கொளி பக்கவாட்டில் விழும் இடத்தில் நின்றால்தான் புரிகளின் பள்ளம் தெரியும். உடைந்த விளிம்பையும் பாருங்கள். சக்கரமில்லாமல் வடம்மேல் வடமாக அடுக்கி எழுப்பிய கலம் பெரும்பாலும் வடங்கள் சேர்ந்த இடத்திலேயே பிளந்திருக்கும். நண்பர் ‘பானையோடு’ கண்ட கரியும் வீணானதன்று: மிகப் பழைய ஜோமோன் கலங்களின் கரியை ஆராய்ந்தவர்கள், 2013-இல், மீன் முதலிய நீர்வாழ் உயிர்களின் கொழுப்பு அதில் எஞ்சியிருப்பதைக் காட்டினார்கள்.

பானையோடு:
திருத்தத்துக்கு நன்றி, திரிகை. என் படங்களை மீண்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் கயிற்றுத் தடம் என்று எண்ணியிருந்தவை மூங்கில் இழுத்த இணைகோடுகள்தாம்.