கிரிஸ்டல் பேலஸ் ஹை லெவல் நிலையத்தை மூடியது சரியா?

மேட்டுத்தெரு: தென் லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் என்ற கண்ணாடிக் காட்சி மாளிகைக்கு எதிரிலேயே 1865-ல் திறந்த ஹை லெவல் ரயில் நிலையத்தை 1954 செப்டம்பரில் மூடினார்கள். 1961-ல் இடித்தும் விட்டார்கள். 1936 நவம்பரில் மாளிகை எரிந்ததுதான் காரணம் என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. எரிந்த பிறகும் கிட்டத்தட்ட 18 வருஷம் கழித்துத்தானே மூடினார்கள்?

கணக்குப்பிள்ளை: சரி, யாருக்காக ஓட்டினார்கள்? நன்ஹெட்டில் பிரிந்து மேடேறிய அந்தக் கிளைப்பாதையே மாளிகைக் கூட்டத்தை நம்பிப் போட்டது. அதே மாளிகைக்கென்று மேட்டுக்குக் கீழே லோ லெவல் நிலையம் 1854-லேயே வந்துவிட்டது. ரயில் கம்பெனிகளின் போட்டியில் ஒரே வேடிக்கைக்கு இரண்டு ஸ்டேஷன்! மாளிகை போனதும் ஒன்றுக்கு வேலை இல்லை.

மேட்டுத்தெரு: வேடிக்கைக் கூட்டத்துக்காகவா 1925-ல் மின்சார ரயில் விட்டார்கள்? தினமும் வேலைக்குப் போனவர்களுக்காக அண்ணே. 1917-ல் மூடி 1919-ல் திறந்தார்கள். 1944-ல் மறுபடி மூடி 1946-ல் திறந்தார்கள். ஷட்டரை இப்படி ஏற்றி இறக்கினால் எந்தக் கடைக்கு வாடிக்கை நிற்கும்?

கணக்குப்பிள்ளை: இரண்டு தடவையும் போர்க்காலம் தம்பி, யாரும் வேண்டுமென்று மூடவில்லை. மூடியபோது சனம் வேறு வழியில் போய்ப் பழகியது என்றால், வேறு வழி இருந்தது என்றுதானே அர்த்தம்?

செங்கல்சூளை: நடுவில் ஒரு சங்கதி. நிலையத்திலிருந்து சாலைக்கு அடியில் மாளிகைக்குப் போன சுரங்கப்பாதை இன்னும் இருக்கிறது. எண்கோணத் தூண்கள், ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் சிவப்பும் வெளிர்மஞ்சளுமாகச் செங்கல் வரிகள் விரிந்து அப்படியே கூரையாகின்றன. இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சுக்குப் பயந்து மக்கள் பதுங்கியதும் அங்கேதான். 2024-ல் செப்பனிட்டுத் திறந்தார்கள். இதைக் காப்பாற்றத் தெரிந்த ஊருக்கு, எட்வர்ட் பேரி வடிவமைத்த நிலையத்தைக் காப்பாற்றத் தோன்றவில்லை!

கணக்குப்பிள்ளை: அழகுக்காக யார் டிக்கெட் எடுப்பார்? லோ லெவலுக்கு 2010-ல் ஓவர்கிரவுண்ட் என்ற லண்டன் நகர ரயிலே வந்துவிட்டது.

மேட்டுத்தெரு: அதில் இறங்கிக் கையில் இரண்டு பையோடு கடைத்தெருவுக்கு ஏறிப் பாருங்கள், அப்புறம் பேசலாம். ஹை லெவல் மேட்டின் மேலேயே இருந்தது. கட்டடம் போனால்கூடப் போகட்டும், பாதையையும் அல்லவா விட்டுவிட்டார்கள்! அதில் வீடுகள் வந்துவிட்டன. இனி யார் நினைத்தாலும் முடியாது.

கணக்குப்பிள்ளை: மீதிப் பாதை சிடனம் ஹில் காட்டுக்குள் நடைபாதையாக இருக்கிறது. மறுபடி ரயில் விட அந்த மரங்களை வெட்டச் சம்மதமா?

மேட்டுத்தெரு: இப்போது யார் வெட்டச் சொன்னது? 1954-ல் அங்கே மரமா இருந்தது, தண்டவாளம் அல்லவா இருந்தது!