பாரிஸ்ல ரோதேன் மியூசியம், அம்மாவைக் கூட்டிட்டுப் போகலாமா?

செம்பூர்வாசி:
மக்களே, அடுத்த மாசம் அம்மாவோட மும்பைலேருந்து பாரிஸ் போறேன். திங்கக்கிழமை ஃபிரெஞ்சு சிற்பி ரோதேனோட சிலைங்க இருக்கற ரோதேன் மியூசியம்னு பிளான். அம்மாவுக்கு முட்டி வலி வேற, அதோட "துணியில்லாத சிலையா இருக்குமேடா, கோயில் சிலை பாத்த கண்ணுக்கு அதுல என்ன இருக்கு"ன்னு இப்பவே ஆரம்பிச்சாச்சு. போகலாமா, விட்டுடலாமா?

டோம்பிவிலி பாலா:
திங்கக்கிழமை அங்க லீவு பாஸ், நாளை மாத்துங்க. செவ்வாய் லூவ்ர் மியூசியம் லீவு, அதையும் பாத்துக்கோங்க. இது பழைய மாளிகை, பின்னாடி பெரிய தோட்டம், முக்கியமான சிலைங்க பலதும் வெளியிலயே இருக்கு, அதனால நடை கம்மி. சிந்தனையாளர் சிலையை நின்னு பாருங்க, வலது முழங்கையை இடது தொடை மேல ஊனியிருப்பான், ரூமுக்கு வந்து அப்படி உக்காந்து பாருங்க, இடுப்பு புடிச்சுக்கும். அப்புறம் ஃபிரான்ஸோட கலே நகரத்து ஆறு பேர் சிலை, 1347ல ஊரைக் காப்பாத்த கழுத்துல கயிறோட எதிரி ராஜாகிட்ட போனவங்க, ஒருத்தர் ரெண்டு கையாலயும் சாவியை இறுக்கிப் பிடிச்சிருப்பார். இந்த ஆறு பேரும் துணி போட்டிருக்காங்கன்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க 😄

மாட்டுங்கா மாமி:
அம்மாகிட்ட இதைச் சொல்லுப்பா, அந்த ரோதேன் நம்ம நடராஜரைப் பத்தியே உருகி உருகி எழுதியிருக்கார். நேர்ல பாத்ததில்ல, மெட்ராஸ் மியூசியத்து நடராஜரோட போட்டோவைப் பாத்துதான் எழுதினார், அவர் போனப்புறம் 1921ல அச்சாச்சு. வெண்கலம்னாலும் வழி வேற. சுவாமிமலைல அச்சை உடைச்சாத்தான் சிலை வெளிய வரும், அதனால ஒண்ணே ஒண்ணு. ரோதேனோடது பிளாஸ்டர் மாதிரி உருவம் அப்படியே இருக்கறதால திரும்பத் திரும்ப வார்க்கலாம், ஃபிரெஞ்சு சட்டத்துல 12 வரைக்கும் ஒரிஜினல்தானாம், எனக்கென்னமோ அது ஒட்டல. நரக வாசல்னு ஒண்ணு, 1880ல ஆர்டர் எடுத்தது, 1917ல கண்ணை மூடற வரைக்கும் வெண்கலத்துல வார்க்கவே இல்ல!

முனீர்கா_முருகன்:
கமீல் க்ளோடெல் சிலைங்களை விட்றாதீங்க. ரோதேனோட சிஷ்யை, காதலி, கடைசி 30 வருஷம் மனநல விடுதியிலயே போச்சு. 'அலை'ன்னு சின்னதா ஒண்ணு, பச்சைக் கல்லுல பெரிய அலை எழும்பி நிக்கும், கீழ மூணு குட்டி வெண்கலப் பொண்ணுங்க. என்னைக் கேட்டா ரோதேனோட முத்தம் சிலையை விட இதுதான்.

செம்பூர்வாசி:
மாமி, நடராஜர் மேட்டர் வேலை செஞ்சிடுச்சு, "அப்ப புதன்கிழமை போடு"ன்னுட்டாங்க. மெட்ரோ எது?

டோம்பிவிலி பாலா:
13ஆம் லைன், வாரென் ஸ்டேஷன். பிளாட்பாரத்துலயே ஒரு சிந்தனையாளர் நகல் உக்காந்திருக்கும், அதோட செல்ஃபி எடுத்துட்டுத் திரும்பிடாதீங்க.