புதுப்பிப்பு: கேரவன் மின் பிரேக் கன்ட்ரோலர், இடப்பக்கம் இழுத்த கதை முடிந்தது

ஆஸ்திரேலியாவில் நான் இழுத்துச் செல்லும் 2,400 கிலோ இரட்டை அச்சு கேரவனுக்கு எந்த பிரேக் கன்ட்ரோலர் (இழுக்கும் வண்டியிலிருந்து கேரவனின் மின் பிரேக்குகளை இயக்கும் கருவி) பொருந்தும் என்றும், பிரேக் பிடிக்கும்போது வண்டி ஏன் இடப்பக்கம் இழுக்கிறது என்றும் சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதில் தந்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

வேகக் குறைவை உணர்ந்து அதற்கேற்ப மின்சாரம் அனுப்பும் வகையையே வாங்கச் சொன்ன ஆலோசனையை ஏற்றேன். வேகக் குறைவைப் பார்க்காமல், நேரக்கணக்கில் மின்சாரத்தைக் கூட்டிய பழைய கருவியின் திடீர் குலுக்கல் இப்போது அறவே இல்லை. ஆனால் இழுப்பு மட்டும் அப்படியே இருந்தது.

நீல நிற பிரேக் கம்பியில் கிளாம்ப் மீட்டர் (கம்பியை வெட்டாமலே மின்னோட்டத்தை அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொன்னவர்தான் சிக்கலை அவிழ்த்தார். கேரவன் பிரேக்கை மட்டும் இயக்கும், கன்ட்ரோலரின் கை நெம்புகோலை முழுமையாக அழுத்தியபோது, சக்கரத்துக்கு ஒன்றாகப் பிரேக்கை இயக்கும் நான்கு மேக்னட்டுகளுக்கும் (மின்காந்தங்கள்) சேர்த்து 12 ஆம்பியர் ஓட வேண்டிய இடத்தில் 9 ஆம்பியரே ஓடியது. அதாவது ஒன்று வேலை செய்யவில்லை. மேக்னட் தேய்ந்திருக்கும் என்று நினைத்தேன். எதிர்பாராத விதமாக, பின்பக்க அச்சுக் குழாய்க்குள் வலச் சக்கரத்துக்குச் செல்லும் கம்பி, குழாயின் விளிம்பில் உரசி உரசி முற்றிலும் அறுந்திருந்தது. அந்த வலச் சக்கரம் பிரேக் பிடிக்காததால்தான் வண்டி இடப்பக்கம் இழுத்திருக்கிறது. புதுக் கம்பியைக் குழாய்க்கு வெளியே, உறையிட்டுக் கட்டினேன்.

பிறகு, ஆளில்லாத சமதளச் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் நெம்புகோலை மட்டும் பயன்படுத்தி, சக்கரம் பூட்டிக்கொள்ளும் அளவைக் கண்டு, அதற்குச் சற்றுக் கீழே அமைத்தேன். வண்டி இப்போது நேராக நிற்கிறது.